செயற்கை இனிப்பூட்டிகள்: பாதுகாப்பு குறித்த விவாதமும் நோயாளிகள் அறிய வேண்டியவையும்

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பூட்டி "மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்று வகைப்படுத்தப்பட்ட செய்தி நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் பரவியது. அடுத்த சில வாரங்களில் தொற்றா நோய்கள் பிரிவுக்கு வந்த நீரிழிவு நோயாளிகளில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டனர்: "காப்பியில் போடுகிற அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?" கேட்காமலேயே நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களுள் ஒரு பெண்மணி, மாத்திரையைக் கைவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறியிருந்தார். கருப்பட்டி இயற்கையானது, அதனால் சர்க்கரை ஏறாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு நான்கு குவளை. மூன்று மாதங்களுக்குப் பின் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபோது, அந்தச் செய்தியால் அவருக்கு விளைந்த தீங்கு அஸ்பார்டேமால் விளைந்திருக்கக்கூடிய தீங்கைவிடப் பெரியது என்பது தெரிந்தது.

செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றி இதுவரை அறியப்பட்டவை எவை, இன்னும் விவாதத்தில் உள்ளவை எவை, வீட்டில் எதில் கவனம் தேவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

செயற்கை இனிப்பூட்டி என்றால் என்ன?

மிகச் சிறிய அளவிலேயே சர்க்கரையின் இனிப்பைத் தரும் பொருள்கள் இவை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். அதிலிருந்து 20 கலோரி கிடைக்கிறது. அதே இனிப்பைத் தர, சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்புடைய அஸ்பார்டேம் சில பத்து மில்லிகிராம் போதும். சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கு இனிப்புடையது. சாக்கரின் 300 மடங்குக்கும் மேல். அசிசல்ஃபேம் பொட்டாசியம் 200 மடங்கு. சீனித்துளசிச் செடியின் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஸ்டீவியால் கிளைகோசைடுகளும் 200 முதல் 300 மடங்கு இனிப்புடையவை. ஸ்டீவியா செடியிலிருந்து வருவதால் அதைச் "செயற்கை" என்று சொல்வது பொருந்தாது எனச் சிலர் கூறுவர். ஆயினும் கடையில் கிடைப்பது இலைத்தூள் அன்று. ஆலையில் சுத்திகரிக்கப்பட்ட பொருள். அதற்கும் மற்றவற்றைப் போலவே அளவு வரம்பு உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2015இல் இதற்கு அனுமதி அளித்தது.

இவற்றுள் எதுவும் நீரிழிவுக்கான மருந்தன்று. வில்லை வடிவில், சிறு டப்பியில், மருந்துக் கடையில் விற்கப்படுவதால் இது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை என்று நம்புவோர் இன்றும் இருக்கின்றனர். இனிப்பூட்டி வில்லை இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதில்லை. சர்க்கரை போட்டிருந்தால் ஏறியிருக்கும் அளவு ஏறாமல் இருக்கிறது. அதன் பயன் அவ்வளவே. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ இது ஈடாகாது.

சாக்கரின்: ஒரு பழைய அச்சத்தின் வரலாறு

இன்றைய விவாதத்தைப் புரிந்துகொள்ளச் சாக்கரினின் கதை உதவும். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பணிபுரிந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், கையில் ஒட்டியிருந்த வேதிப்பொருளின் இனிப்பை உணவு உண்ணும்போது தற்செயலாக உணர்ந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது சாக்கரின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

1977இல் கனடாவில் நடந்த ஆய்வொன்றில், உணவில் 5 விழுக்காடு அளவுக்குச் சாக்கரின் கலந்து கொடுக்கப்பட்ட எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டிகள் தோன்றின. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சாக்கரினைத் தடை செய்ய முன்வந்தது. அப்போது அந்நாட்டு நீரிழிவு நோயாளிகளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே செயற்கை இனிப்பூட்டி அதுதான். சைக்கலமேட் என்னும் மற்றொன்று 1969இல் விலக்கப்பட்டுவிட்டது. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்ததால் நாடாளுமன்றம் தடையை நிறுத்திவைத்து, பொட்டலங்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிட மட்டும் ஆணையிட்டது.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. ஆண் எலியின் சிறுநீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் புரதமும் மிகுதி. அதில் பெருமளவு சோடியம் சாக்கரின் சேரும்போது நுண்ணிய படிகங்கள் உருவாகி, சிறுநீர்ப்பையின் உட்சுவரை ஓயாமல் உறுத்துகின்றன. சிதைந்த செல்களுக்கு ஈடாகப் புதிய செல்கள் பெருகும்போது கட்டி தோன்றுகிறது. மனிதச் சிறுநீரின் தன்மை வேறு. இந்நிகழ்வு மனிதரிடம் நடப்பதில்லை. நீண்ட காலம் சாக்கரின் பயன்படுத்திய நீரிழிவு நோயாளிகளிடமும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1987இல் சாக்கரினை 2பி என்னும் பிரிவில் வைத்திருந்தது. 1999இல் வகைப்படுத்த இயலாதவற்றுக்கான 3ஆம் பிரிவுக்கு மாற்றியது. அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகம் 2000இல் நீக்கப்பட்டது.

எல்லா இனிப்பூட்டிகளும் இப்படியே நிரபராதி என்று முடிவாகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு விலங்காய்வில் தோன்றும் தீங்கு மனிதருக்கும் பொருந்துமா என்பதை அறியச் சில வேளைகளில் இருபது ஆண்டுகள்கூடத் தேவைப்படுகின்றன. அதுவரை மருத்துவரும் நோயாளியும் கையிலுள்ள சான்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியுள்ளது.

அஸ்பார்டேமும் 2023ஆம் ஆண்டு அறிவிப்பும்

1965இல் கண்டறியப்பட்ட அஸ்பார்டேமுக்கு அமெரிக்காவில் 1974இல் முதல் அனுமதி கிடைத்தது. ஆட்சேபங்கள் எழுந்ததால் அது நிறுத்திவைக்கப்பட்டு, 1981இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று தொடங்கிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

உடலுக்குள் அஸ்பார்டேம் மூன்றாகப் பிரிகிறது: ஃபினைல்அலனின், அஸ்பார்டிக் அமிலம், சிறிதளவு மெத்தனால். மெத்தனால் என்னும் பெயரை நாம் கள்ளச்சாராயச் சாவுகளின் வழியாக அறிந்திருப்பதால் இங்கே அச்சம் எழுவது இயல்பு. அளவைக் கவனியுங்கள். 200 மில்லிகிராம் அஸ்பார்டேமிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிகிராம் மெத்தனால் வெளிப்படுகிறது. தக்காளிச் சாற்றிலும் பழச்சாறுகளிலும் இயல்பாகவே இதைவிடக் கூடுதலான மெத்தனால் இருக்கிறது. கல்லீரல் அதை அன்றாடம் அகற்றிவிடுகிறது. அதுபோலவே ஒரு குவளைப் பாலிலிருந்து கிடைக்கும் ஃபினைல்அலனின், 200 மில்லிகிராம் அஸ்பார்டேமிலிருந்து கிடைப்பதைவிட அதிகம்.

2006, 2007ஆம் ஆண்டுகளில் இத்தாலியின் ரமாட்சினி ஆய்வு நிறுவனம், அஸ்பார்டேம் கொடுக்கப்பட்ட எலிகளிடம் இரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் மிகுந்ததாக அறிவித்தது. அந்த எலிகளிடையே நீடித்த நுரையீரல் தொற்று இருந்ததைச் சுட்டிக்காட்டி, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அம்முடிவை ஏற்கவில்லை. 2013இல் அஸ்பார்டேம் பற்றிய சான்றுகள் முழுவதையும் மறுபரிசீலனை செய்த அவ்வாணையம், வரம்புக்குட்பட்ட பயன்பாடு பாதுகாப்பானது என்றது. 2022இல் பிரான்சில் 1,02,865 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த நியூட்ரிநெட் சாந்தே ஆய்வு, செயற்கை இனிப்பூட்டிகளைக் கூடுதலாக உட்கொண்டோரிடம் புற்றுநோய் 13 விழுக்காடு மிகுந்து காணப்பட்டதாகத் தெரிவித்தது. இது கவனிப்பு வகை ஆய்வு. காரணத்தை நிறுவும் வலிமை இதற்கு இல்லை. எனினும் புறந்தள்ளத்தக்கதும் அன்று.

இந்தப் பின்னணியில்தான் 2023 ஜூலை 14 அன்று ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வெளிவந்தன. முதலாவது, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையுடையது. அது அஸ்பார்டேமை 2பி பிரிவில் சேர்த்தது. கல்லீரல் புற்றுநோயோடு தொடர்பு இருக்கலாம் என்பதற்கு "வரம்புக்குட்பட்ட" சான்று இருப்பதாகக் கூறியது. இரண்டாவது, உலக சுகாதார நிறுவனமும் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் உணவுச் சேர்க்கைகள் குறித்த நிபுணர் குழுவுடையது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்னும் பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அது கூறியது. ஊடகங்களில் முதல் அறிவிப்பு தலைப்பாயிற்று. இரண்டாவது பல இடங்களில் கடைசிப் பத்திக்குத் தள்ளப்பட்டது.

இரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். முகமை கேட்கும் கேள்வி வேறு: இப்பொருளால் எந்த அளவிலேனும், எந்தச் சூழலிலேனும் புற்றுநோய் உண்டாக வாய்ப்புண்டா, அதற்கான சான்று எவ்வளவு வலுவானது? நிபுணர் குழு கேட்பது: மக்கள் உண்மையில் உட்கொள்ளும் அளவில் ஆபத்து எவ்வளவு? முகமையின் பிரிவுகள் சான்றின் வலிமையைக் குறிப்பவை. ஆபத்தின் அளவைக் குறிப்பவை அல்ல. புகையிலையும் மதுவும் 1ஆம் பிரிவில் உள்ளன. சிவப்பு இறைச்சி 2ஏ பிரிவில் உள்ளது. அஸ்பார்டேம் இருக்கும் 2பி பிரிவில் கற்றாழையின் முழு இலைச் சாறும், கைப்பேசி போன்றவற்றின் ரேடியோ அலைகளும் உள்ளன. செய்தியைக் கண்டு இனிப்பூட்டியை விட்டவர்களில் வெற்றிலையோடு புகையிலையைத் தொடர்ந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

40 மில்லிகிராம் என்றால் எவ்வளவு?

விலங்குகளிடம் எந்தத் தீங்கும் காணப்படாத மிக உயர்ந்த அளவை 100ஆல் வகுத்து இவ்வரம்பு பெறப்பட்டது. வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லை எனக் கருதப்படும் அளவு இது. ஒரு நாள் சற்று மீறினால் விபரீதம் நேர்ந்துவிடும் என்ற எல்லைக்கோடு அன்று.

60 கிலோ எடையுள்ளவருக்கு வரம்பு 2,400 மில்லிகிராம். ஒரு வில்லையில் 20 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருப்பதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 120 வில்லைகள். நான்கு வேளைக் காப்பி, தேநீருக்கு எட்டு வில்லை போடுபவர் வரம்பின் பதினைந்தில் ஒரு பங்கையே தொடுகிறார். குளிர்பானத்தின் கணக்கு சற்று மாறுபடும். ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், 70 கிலோ எடையுள்ளவர் வரம்பை எட்ட நாளொன்றுக்கு 9 முதல் 14 கேன்களுக்கு மேல் அருந்த வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

குழந்தைகளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 600 மில்லிகிராம். 300 மில்லிகிராம் உள்ள பானமாயின் இரண்டே கேன்களில் அது எட்டப்பட்டுவிடும். பெரியவருக்குப் பொருந்தும் "எவ்வளவு குடித்தாலும் வரம்பைத் தாண்டாது" என்ற ஆறுதல் குழந்தைக்குப் பொருந்தாது.

மற்ற இனிப்பூட்டிகளுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. நிபுணர் குழுவின் கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்குச் சுக்ரலோஸ் 15, அசிசல்ஃபேம் பொட்டாசியம் 15, சாக்கரின் 5 மில்லிகிராம். ஸ்டீவியாவுக்கு ஸ்டீவியாலாகக் கணக்கிட்டு 4 மில்லிகிராம்.

உடல் எடை குறையுமா? நீரிழிவைத் தடுக்குமா?

புற்றுநோய் குறித்த செய்திக்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, 2023 மே மாதத்தில், உலக சுகாதார நிறுவனம் வேறொரு வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. அது பரவலாகப் பேசப்படவில்லை. என் பார்வையில் பொதுமக்களுக்கு அதுவே கூடுதல் முக்கியமானது. உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ, தொற்றா நோய்கள் வரும் வாய்ப்பைக் குறைக்கவோ சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது பரிந்துரைத்தது. ஸ்டீவியாவும் இதில் அடங்கும்.

அதற்கு அடிப்படையாக 283 ஆய்வுகள் தொகுத்துப் பார்க்கப்பட்டன. மக்களைக் குழுக்களாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், இனிப்பூட்டி பயன்படுத்தியோரின் எடை சராசரியாக 0.7 கிலோ குறைந்தது. அச்சோதனைகளில் பெரும்பாலானவை சில மாதங்களே நடந்தவை. பல ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளிலோ, இனிப்பூட்டியை மிகுதியாகப் பயன்படுத்தியோரிடம் இரண்டாம் வகை நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன.

இனிப்பூட்டியே நீரிழிவை வரவழைத்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. குடை பிடித்தவர்கள் மிகுந்த தெருவில் மழை பெய்கிறது என்பதால் குடையை நாம் குறை கூறுவதில்லை. உடல் பருத்தவர்களும் குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்களுமே சர்க்கரையை விட்டு இனிப்பூட்டிக்கு மாறுகின்றனர். அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு முன்பே கூடுதலாக இருந்தது. இதை முற்றிலும் பிரித்தறிய முடியாததால்தான் உலக சுகாதார நிறுவனம் அப்பரிந்துரையை "நிபந்தனைக்குட்பட்டது" என்று குறித்தது.

அப்பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் அதே ஆவணம் தெளிவாகக் கூறுகிறது. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் 12 வாரங்கள் நடத்திய சோதனை, 2024இல் வெளிவந்தது. காப்பியிலும் தேநீரிலும் போடும் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் பயன்படுத்தியோரிடம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவில் கூடவுமில்லை, குறையவுமில்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. சிறிய சோதனை, குறுகிய காலம். ஆயினும் நம் மக்களிடம், நம் காப்பி, தேநீர்ப் பழக்கத்தை வைத்தே நடத்தப்பட்டது என்பதால் குறிப்பிடத்தக்கது.

ஆகவே நீரிழிவு உள்ள ஒருவர் காப்பியில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போடும் பழக்கத்தை விட இயலாமல் தவித்தால், ஒன்றிரண்டு வில்லைகளைப் பயன்படுத்துவதை நான் தடுப்பதில்லை. இனிப்பே இல்லாமல் குடிக்கப் பழகிக்கொண்டவரிடம் வில்லையைத் தொடங்குமாறு சொல்வதும் இல்லை. நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். இரண்டு தேக்கரண்டியை ஒன்றரையாக, பின்னர் ஒன்றாக, அரையாகக் குறைத்தவர்களில் பலர் பிறகு பழைய இனிப்பு திகட்டுவதாகக் கூறியிருக்கின்றனர்.

குடல் நுண்ணுயிர்களும் இதயமும்

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக உள்ள 120 பேருக்கு இரண்டு வாரங்கள் இனிப்பூட்டிகள் கொடுக்கப்பட்டன. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் அமைப்பு மாறியது. சாக்கரின், சுக்ரலோஸ் எடுத்தவர்களிடம் குளுக்கோஸ் குடித்த பின் சர்க்கரை ஏறும் அளவும் சற்று மாறியது. மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இதனால் நீண்ட காலத்தில் என்ன நேரும் என்பது இன்னும் ஆய்வில் உள்ளது.

எரித்ரிட்டால் என்பது வேறு வகை. சர்க்கரை ஆல்கஹால் என்னும் குழுவைச் சேர்ந்தது. 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டன. நம் உடலே சிறிதளவு எரித்ரிட்டாலை உண்டாக்குவதால், இரத்தத்தில் இருந்தது எங்கிருந்து வந்தது என்பதில் விவாதம் உள்ளது. இதய நோயாளிகள் எரித்ரிட்டால் சேர்ந்த இனிப்புகளை மிகுதியாக உண்பதைத் தவிர்ப்பது நல்லது.

யார் தவிர்க்க வேண்டும்?

ஃபினைல்கீட்டோன்யூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டும். அவர்கள் உடலில் ஃபினைல்அலனின் சிதையாமல் தேங்கி மூளையைப் பாதிக்கும். அஸ்பார்டேம் சேர்ந்த பொட்டலங்களில் இதற்கான எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எவ்வகை இனிப்பூட்டியும் தேவையில்லை; சர்க்கரையும் தேவையில்லை. பெரிய குழந்தைகளுக்கும் அன்றாடப் பழக்கமாக்க வேண்டாம். மருத்துவர் எழுதித் தந்த திரவ மருந்தில் சிறிதளவு இனிப்பூட்டி சேர்ந்திருக்கலாம். அதற்காக அம்மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கர்ப்பிணிகள் வரம்புக்குள் அஸ்பார்டேமோ சுக்ரலோஸோ எடுத்துக்கொள்வதில் தீங்கு நிறுவப்படவில்லை. சாக்கரின் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்வதால் அதைத் தவிர்க்குமாறு கூறுவது வழக்கம். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள், தாம் பயன்படுத்தும் வில்லையின் டப்பியைப் பரிசோதனைக்கு வரும்போது உடன் கொண்டுவந்து காட்டலாம்.

கடையில் வாங்கும்போது

"சுகர் ஃப்ரீ" என்ற சொல் இனிப்புக் கடைகளில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த மைசூர்பாகில் சர்க்கரை இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். கடலை மாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. மாவு குளுக்கோஸாக மாறும். நெய்யின் கலோரி குறையாது. வழக்கமான ஒரு துண்டுக்குப் பதில் "சர்க்கரை இல்லாதது" என்ற துணிவில் நான்கு துண்டு உண்பவருக்கு, ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்பவரைவிடக் கூடுதலாகவே சர்க்கரை ஏறும். மால்டிட்டால், சார்பிட்டால் போன்றவை சேர்ந்திருந்தால் அவற்றுக்கும் கலோரி உண்டு. மிகுந்தால் வயிற்றுப் பொருமலும் வயிற்றுப்போக்கும் வரும்.

பொட்டலத்தின் பின்புறத்தில் இனிப்பூட்டியின் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் இருக்கலாம். அசிசல்ஃபேம் பொட்டாசியம் 950, அஸ்பார்டேம் 951, சாக்கரின் 954, சுக்ரலோஸ் 955, ஸ்டீவியா 960. ஒரே பானத்தில் இரண்டு மூன்று எண்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. எண்ணைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். நீரிழிவு நோயாளிக்கு அந்த வரியே கூடுதலாகப் பயன்படும்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம் ஆகியவற்றின் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அவற்றில் உள்ள சிறிதளவு இரும்பும் கனிமங்களும் இரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தடுப்பதில்லை. தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உள்ளன. இனிப்பூட்டிக்கு அஞ்சி இவற்றுக்கு மாறுவது, நீரிழிவு நோயாளியைப் பொறுத்தவரை, மீண்டும் சர்க்கரைக்கே திரும்புவதாகும்.

சமையலில் ஒரு குறிப்பு: அஸ்பார்டேமைக் கொதிக்கும் பாயசத்தில் போட்டுக் காய்ச்சினால் சிதைந்து இனிப்பை இழக்கும். இறக்கிச் சற்று ஆறிய பின் சேர்க்க வேண்டும். சுக்ரலோஸ் காப்பி, தேநீரின் சூட்டைத் தாங்கும். எனினும் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. எண்ணெயில் பொரிக்கும் பண்டங்களுக்கும் அடுமனைப் பண்டங்களுக்கும் அதைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

சர்க்கரை தாழ்ந்துபோகும்போது இனிப்பூட்டி உதவாது

இனிப்பூட்டியால் உடனடி ஆபத்து நேர்வதை நான் நேரில் கண்டது ஒரே சூழலில்தான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர் ஒருவர், காலை உணவு தாமதமானதால் வியர்த்துக் கை நடுங்கி உட்கார்ந்திருக்கிறார். மருமகள் பதறி, இனிப்பாகத் தேநீர் போட்டுக் கொடுக்கிறார். அந்த வீட்டில் மாமனாருக்கென்று வைத்திருப்பது வில்லை. பழக்கத்தில் கை அதையே எடுத்தது. தேநீர் இனித்தது. சர்க்கரை ஏறவில்லை. அரை மணி நேரத்துக்குப் பின் நினைவு தப்பிய நிலையில் அவரைக் கொண்டுவந்தனர். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் செலுத்திய பின்னரே கண் விழித்தார்.

இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் எடுப்பவர் உள்ள வீட்டில் குளுக்கோஸ் பொடியும் சாதாரணச் சர்க்கரையும் எப்போதும் இருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம், காரணமற்ற எரிச்சல் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். கருவி இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் உடனே செயல்பட வேண்டும். கருவி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். "டயட்" என்று எழுதிய குளிர்பானமும், வில்லை போட்ட தேநீரும் கூடாது. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் விரைந்து வேலை செய்யாது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியே வேண்டும். மாத்திரை அட்டையில் அப்பெயர்கள் உள்ளனவா என்பதை இன்றே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

15 நிமிடங்களில் அறிகுறி தணியாவிட்டால் மீண்டும் அதே அளவு கொடுங்கள். தணிந்ததும் இட்லியோ சோறோ உண்ணச் செய்யுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். அழைக்கும்போதே அவர் நீரிழிவு நோயாளி என்பதையும், எந்த மருந்தைக் கடைசியாக எப்போது எடுத்தார் என்பதையும் சொல்லுங்கள்.